நிமிக்கு வலி இருக்குதுங்களா?

"ஏனுங்க டீச்சர், உங்க டீமுல எத்தனை புள்ளைகளுக்குங்க ஸ்காலர்ஷிப்பு?"

"எட்டு" என்றார் ஜிஜி டீச்சர். கோட்டயத்திலிருந்து பாலக்காட்டுக் கல்லூரிக்கு வந்து இரண்டே மாதம். பெண்களின் வடம்வலி டீமுக்கு அவர்தான் கோச். கயிறு இழுக்கும் போட்டிக்கு அங்கே அதுதான் பேர்.

"எம்பொண்ணு மௌனிகா எத்தனாவதுங்க?"

"ஒம்பது. ஒருத்தி போனா அவள் உள்ளே கேறலாம்."

சித்ரா பெருமூச்சு விட்டாள். இந்த வருஷ ஃபீஸ் கம்மலோடு போயிற்று. இப்போது காதில் வேப்பங்குச்சி. அடுத்த வருஷம் அதை வைத்தா கட்ட முடியும்?

மறுவாரமே பயிற்சியில் நிமி வழுக்கி விழுந்து முட்டியை அடித்துக்கொண்டாள். இடுக்கிப் பக்கம் சக்குபள்ளத்துப் பெண், ஹாஸ்டலில் இருப்பவள். மூன்றாம் நாளே திரும்பக் கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை சித்ராவின் போன்.

"டீச்சர், நிமிக்கு வலி இருக்குதுங்களா?"

"உண்டு. நல்ல வலியுண்டு!"

"ஐயோ..."

அடுத்த திங்களும் அதே கேள்வி, அதே பதில், அதே 'ஐயோ'.

'எப்படா ஒருத்தி போவாள்னு கொக்கு மாதிரிக் காத்திருக்குது அந்தம்மா!' ஜிஜிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாவது வாரம் பொறுக்கவில்லை. "நிமிக்குப் பழையதைவிட ரெண்டு மடங்கு வலி! இனி போன் விளிக்க வேண்டா!" போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மௌனிகா ஒரு பாட்டிலோடு வந்து நின்றாள்.

"முறிவெண்ணெய் டீச்சர். நிமிக்குத் தேய்க்க அம்மா குடுத்துவிட்டாங்க. ரெண்டு மடங்கு வலின்னு சொன்னீங்களாமே? ஹாஸ்டல்ல ஆரு பாத்துக்குவாங்கன்னு நேத்து அம்மா சோறே உங்கல."

"ஞானா சொன்னேன்?"

பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த நிமி விழுந்து விழுந்து சிரித்தாள். "டீச்சரே, உங்களுக்கு வலின்னா இழுக்கறது. அவங்க தமிழ்ல வலின்னா வேதனை! இதோட அஞ்சு பாட்டில் ஆச்சு. எனக்குச் சரியாயிடுச்சுன்னு சொன்னா, 'டீச்சரு பொய் சொல்லுவாங்களா, நீதான் மறைக்கறே'ங்கறாங்க."

அடுத்த திங்கட்கிழமை போன் வரவில்லை. ஜிஜியே கூப்பிட்டார்.

"சித்ரா, நிமிக்கு உங்க வலி போயாச்சு. எங்க வலி மட்டும்தான் உண்டு."

"மௌனிகா சொன்னாளுங்க. சிரிச்சுச் சிரிச்சு வவுறு புண்ணாப் போச்சு."

சிரித்து ஓய்ந்ததும் சித்ராவே கேட்டாள்.

"அப்ப... அந்த எட்டு ஸ்காலர்ஷிப்பு, எட்டேதானுங்களா?"

"எட்டுதான்." ஜிஜியின் குரல் இறங்கிவிட்டது.

"செரிங்க. நிமி நல்லா இழுக்கட்டும். எட்டை ஒம்பதாக்க ஆருகிட்ட எழுதிக் குடுக்கோணும்னு மட்டும் சொல்லுங்க டீச்சர்."