பேசக் கூடாத நேரம்

சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்ப செலினுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவள் கணவன் லாரன்ஸ்தான். நிரப்பும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. கவனம் சிதறினால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்தால், துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடித்துவிடும்.

இன்று அவனே கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. பின்னால் வந்து அறைந்தான். உதட்டு ரத்தம் தட்டில் சொட்டியது. எந்தக் கூடுவரை போட்டோம் என்பது மறந்துபோயிற்று.

“கொட்டிட்டு மறுபடி போடவா?”

“பன்னி தோட்டத்துல நிக்குது. மிச்சத்துக்கும் போட்டு அடைச்சுக் குடுடி.”

அடைத்துக் கொடுத்தாள். வாசலில் நின்று அவன் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தான். செலின் கதவைத் தாழிட்டு, அறை வாங்கிய கன்னத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.