தலைகீழ்ப் பல்லி

பல்லிக்குக் குரலே வரவில்லை. மறுநாள் காலையில் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பல்லி சொன்னால்தான் தட்டு மாற்றுவார்கள். இதுவோ செருமிக்கொண்டே கிடந்தது.

"சளிதான் அக்கா. நெஞ்சு எரியவே இல்லையே," என்றது பல்லி.

"எரியாமலும் வயித்துப் புளிப்பு தொண்டைக்கு ஏறும்டா," என்றது மூலையிலிருந்த சிலந்தி. "மூக்குமுட்டத் தின்னுட்டு உடனே தலைகீழாத் தொங்கினா வேற என்ன ஆகும்? இன்னிக்கு அரை வயிறு சாப்பிடு. அப்புறம் மூணு மணி நேரம் தலையை மேல வச்சிரு."

"சத்தியமா அக்கா."

சாயங்காலம் விளக்கைப் போட்டார்கள். ஈசல் கூட்டமாக வந்தது.

காலையில் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். வெறும் செருமல்தான் வந்தது. பெரியவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணப் பெண் பல்லியை முறைத்தாள்.

"தலையை எந்தப் பக்கம்டா வைக்கச் சொன்னேன்?" என்று சிலந்தி கேட்டது.

பல்லி தலைகீழாகத் தொங்கியபடியே திரும்பிப் பார்த்தது.