செங்கழுகுப் பதக்கம்

காலராக் காலத்தில் உழைத்ததற்காக அரசரின் செங்கழுகுப் பதக்கம் வருகிறது என்று தெரிந்ததும் டாக்டர் எமிலுக்குத் தூக்கம் போயிற்று. பிரஷ்யாவில் கிறிஸ்தவர்களுக்குத்தான் அது சிலுவை வடிவில் வரும். மற்றவர்களுக்கு நட்சத்திர வடிவில். தான் யூதன் என்பதை எமில் இன்னும் வருங்கால மாமனாரிடம் சொல்லவில்லை. தெரிந்தால் மகள் கிளாராவைத் தரமாட்டார்.

மாமனார் வீட்டு விருந்தின் நடுவே கிளாரா ஒரு சின்னப் பெட்டியோடு ஓடிவந்தாள். "தபால்காரர் உங்களைத் தேடி இங்கேயே வந்துட்டார்!"

"பிரிங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார் ரோசனோவ்.

"அப்புறம் பார்க்கலாமே..." என்று இழுத்தான் எமில்.

ரோசனோவின் கொழுந்தி ஒட்டிலி சிரித்தாள். "கூச்சத்தைப் பாரு! அத்தானும் இப்படித்தான். தன் செங்கழுகுப் பதக்கத்தை இதுவரைக்கும் யார் கண்ணுலயும் காட்டினதில்ல. கேட்டா, வீண் பெருமையாம்!"

ரோசனோவ் பெட்டியை வாங்கி, தன் பக்கமாகத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்தது. பட்டென்று மூடினார்.

"என்ன அத்தான்?"

"சூப் ஆறுது, குடி. மாப்பிள்ளை, என் அறைக்கு வாங்க."

தூக்குமேடைக்குப் போகிறவன் போல எமில் பின்னால் போனான். ரோசனோவ் கதவைத் தாழிட்டார்.

"ஐயா, நானே சொல்லணும்னுதான்..."

"மெதுவாப் பேசுங்க. ஒட்டிலி காதுல விழுந்தா ஊரையே கூட்டிடுவா."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்து நீட்டினார்.

"நான் ஞானஸ்நானம் வாங்கினது இது வந்ததுக்கு அப்புறம்தான். கிளாராவுக்குக்கூடத் தெரியாது."

உள்ளே ஒரு நட்சத்திரம் இருந்தது.