பத்துக்குப் பத்து

இந்தப் பருவம் ரப்பர் தோட்டத்துக் கிரிக்கெட் அணியில் ஆடிய பதினொரு பேரையும் மதிப்பிட்டு எழுதி வரும்படி துரை சொன்னதுமே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி உடையப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போன வருஷமும் இப்படித்தான் பட்டியல் கேட்டு, ஓர் ஆளைச் சிலாங்கூர் மாநில அணிக்கு அனுப்பினார்.

நியாயமாகப் பார்த்தால் பாவாதான் முதல். மட்டையும் பேசும், பந்தும் பேசும். ஆனால் தன் தங்கச்சி புருஷன் சுப்பிரமணியமும் அணியில் இருந்தானே! பருவம் முழுக்க ஒரு கேட்ச்கூடப் பிடிக்காதவன்.

‘கழுகுக் கண். குறி தப்பாத கை. பயம் என்பதே கிடையாது. பத்துக்குப் பத்து’ என்று மனசறிந்தே மச்சானைப் பற்றி எழுதினார். பாவாவுக்கு நாலு.

துரை படித்துவிட்டுத் தலையாட்டினார். “இவனையே எடுத்துக்கிறேன்.”

“சிலாங்கூர் அணிக்குங்களா, துரை?”

“காட்டிலிருந்து கம்யூனிஸ்டு சுடுற நேரத்தில் கிரிக்கெட்டா? பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனிலிருந்து வர்ற அரிசி லோரிக்குக் காவல் வேணும். நாளைக்கே துப்பாக்கியோட முன்னால ஏறட்டும்.”

எழுதியது பொய் என்று சொன்னால் உடையப்பனுக்கு வேலை போய்விடும்.

“சரிங்க துரை” என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் காலை லோரியடியில் காக்கி உடுப்போடு நின்ற சுப்பிரமணியம் இரண்டு கையும் கூப்பினான்.

“எல்லாம் உங்க புண்ணியம் லா, மச்சான்!”

உடையப்பன் பதில் பேசவில்லை. பேசினால்தானே அவர் இந்தப் பக்கம் நிற்பது அவனுக்குத் தெரியும்? அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தது, பத்தடி தள்ளி நின்ற பாவாவை.