பழைய சைலன்சர்

"புதுசைக் கழட்டிட்டுப் பழைய சைலன்சரை மாட்டணுமா? அக்கா, எல்லாரும் சத்தத்தை நிப்பாட்டத்தான் இங்க வருவாக."

ரிஜின் கையைத் துணியில் துடைத்தபடி கேட்டான். பீர்மேட்டுச் சாலையோரம் அவன் ஒர்க் ஷாப் திறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எதிரே நின்ற ராமலட்சுமி அவனைப் பார்க்கவில்லை. ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா தம்பி. பழசையே மாட்டிக் குடுங்க."

"ஜெகன் அண்ணன்தான மாத்தச் சொன்னாரு?"

"ஓட்டுறது அவன். வண்டி எங்க வீட்டுக்காரரோடது. டூரிஸ்ட் ஆளுக காதைப் பொத்துறாங்கன்னு மாத்திட்டான்."

"பொத்தாம? இது குட்டிக்கானத்துல கெளம்பினா பாம்பனாருல பிள்ளைக முழிச்சிரும்."

அவள் சிரிக்கவில்லை. ரிஜின் பக்கத்துக் கடையிலிருந்து டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். வாங்கி பெஞ்சில் வைத்தாள்.

"மாமாவுக்காகத்தான் தம்பி" என்றாள். "எங்க வீட்டுக்காரரோட அப்பா. ரெண்டு கண்ணும் தெரியாது. ஆபரேஷன் பண்ணியும் ஒண்ணும் ஆகல. கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசலைப் பாத்தே உக்காந்திருப்பாரு. பொழுது சாயுறப்ப வளைவுல இந்த ஜீப்புச் சத்தம் கேட்டாத்தான் தட்டைப் போடச் சொல்லுவாரு. மகன் வந்துட்டான்னு நெனப்பு."

"மகன் எங்க போயிட்டாரு?"

"அவுக போன மழையோட போயிட்டாக. நெஞ்சு வலி." டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "மாமா அப்ப தேனி ஆஸ்பத்திரில கண்ணைக் கட்டிக்கிட்டுக் கெடந்தாரு. யாரும் சொல்லல. பெறகு சொல்ல வாய் வரல. ஜெகன் தெனமும் சாயங்காலம் வண்டியைக் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போவான். அந்தச் சத்தமே போதும்."

"மகன் குரல் கேக்காம எப்படிக்கா நம்புறாரு?"

"ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாது. என் கல்யாணத்துல ஆட்டுக்கறி வேகலன்னு ஆரம்பிச்ச சண்டை. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, இவரு கேக்குறதை நான் அவருகிட்ட சொல்லணும், அவரு சொல்றதை நான் இவருகிட்ட சொல்லணும். ஆனா மகன் வீடு வந்து சேராம சோத்துல கை வைக்க மாட்டாரு."

ரிஜினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"எங்க எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் மஞ்சு எறங்கிட்டா யாருக்கும் கண்ணு கெடையாது தம்பி. காதுதான். எந்த ஜீப்பு யாருதுன்னு சத்தத்தை வச்சே சொல்லிருவோம். இப்ப இது வர்றதே தெரியல. மாத்தினதுல இருந்து சோறு எறங்கல. இப்படியே போனா ஒடம்பு தாங்காது."

"ஓட்டை சைலன்சர்க்கா. புகை உள்ள வரும்."

"ஜீப்புக்குக் கதவே கெடையாது. புகை எங்க தங்கப் போகுது?"

"ஃபிட்னஸ் டெஸ்டுக்குப் போனா திருப்பி அனுப்பிருவாக."

"அன்னைக்கு மட்டும் புதுசை மாட்டிக்கலாம்."

அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ரிஜின் பின்பக்கம் போனான். பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்காரனுக்காகக் குவித்து வைத்திருந்த குவியல் இன்னும் அங்கேயே கிடந்தது. ரேடியேட்டரையும் பிரேக் டிரம்மையும் இழுத்துப் போட்டு, அடியிலிருந்து அதை உருவினான். துருப்பிடித்த குழாய். நடுவில் கம்பி சுற்றி முறுக்கியிருந்தது.

"இந்தக் கம்பி முனைதான் அடியில தட்டிக்கிட்டே வருது. இதை வெட்டிட்டா பாதி சத்தம் போயிரும்."

"வெட்டிராதீங்க." அவள் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "அவுக கட்டினது."

மாட்டி முடித்து ஜீப்பைக் கிளப்பினான். கூரைத் தகரம் அதிர்ந்தது. ராமலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"சரியா இருக்காக்கா?"

"இருக்கு. ஜெகன் ஒரு கல்யாணத்துக்காகப் போடிக்குப் போயிருக்கான். நீங்களே கொண்டாந்து விட்டுருங்க தம்பி. நான் முன்னாடி பஸ்ஸுல போயிருறேன்."

"எதுக்கு பஸ்ஸு? கூடவே வாங்க."

"இல்ல, சத்தம் வர்றப்ப நான் வீட்ல இருக்கணும். தட்டு எடுத்து வைக்கணும்ல." அவள் குடையை எடுத்துக்கொண்டாள். "வளைவுல செகண்ட் கியர்ல ஏறுங்க. வாசல்ல நிறுத்திட்டுச் சாவியை சீட்டுல போட்டுட்டு சத்தமில்லாமப் போயிருங்க. உள்ள வராதீங்க. வேற குரல் கேட்டா மாமாவுக்குத் தெரிஞ்சு போயிரும்."

அவள் போன பிறகுதான் பெஞ்சைப் பார்த்தான். டீ ஆடை கட்டியிருந்தது. பன் அப்படியே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ரிஜின் எஸ்டேட் ரோட்டில் ஏறினான். மூடுபனியில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. வளைவில் செகண்ட் கியர் போட்டான். கம்பி முனை டக் டக் என்று தட்டிக்கொண்டே வந்தது. லைனின் கடைசி வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது.

வாசலில் நிறுத்தி, சாவியை சீட்டில் போட்டுவிட்டு இறங்கினான். உள்ளே தட்டு வைக்கும் ஓசை கேட்டது.

பேசாமல்தான் போயிருப்பான். ஆனால் அந்தப் பெரியவர் சாப்பிடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. அடிமேல் அடி வைத்து ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தான்.

சுவரில் மாலை போட்ட இரண்டு படங்கள் இருந்தன. கருப்புக் கண்ணாடி அணிந்த பெரியவரின் படத்தில் இருந்த பிளாஸ்டிக் மாலைதான் அதிகம் வெளுத்திருந்தது. அவற்றுக்குக் கீழே ராமலட்சுமி தனியாக உட்கார்ந்து, ஒரே ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.