வால் கருகிய மர மீன்கள்

"லேசர் டியூப் போயிடுச்சு மேடம். மெஷினைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றார் கம்பெனியின் உதவி எண்ணில் பேசியவர்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, லேசர் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேஜை நிறைய மர மீன்கள். பாதிக்குமேல் வால் கருகி, பலகையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. மூன்று மணிக்கு மழலையர் பள்ளி டீச்சர் வந்துவிடுவார். நாற்பது குழந்தைகளுக்கு நாற்பது மீன். அவளுடைய முதல் ஆர்டர். இப்போதே மணி ஒன்றரை.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடின மெஷின் சார். பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க?"

"இந்த மாதிரி நூறு மெஷின் பார்த்தாச்சு மேடம். லென்ஸைத் துடைச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

"வெட்டுற இடத்துல காத்து ஊதுதா?"

"ஊதுது. பலகையும் நல்லா காய்ஞ்ச பலகைதான்."

"அப்போ டியூப்தான். வீட்டுல வெச்சு ஓட்டுறதெல்லாம் இவ்வளவுதான் மேடம்."

அந்த 'இவ்வளவுதான்' அவளுக்குச் சுருக்கென்றது. இந்த ஆர்டர் தவறினால் மெஷினை விற்றுவிடலாம் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு. விட்டுக்கொடுக்க அவள் என்ன இளிச்சவாயா? வெட்டிய மீன்களை, எது எந்த இடத்தில் வெட்டியது என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். டியூப் போயிருந்தா எல்லா மீனும்தானே கருகணும்? இடது மூலையில வெட்டினதெல்லாம் சுத்தமா இருக்கு. வலது பக்கம் போகப் போகத்தான் மோசமாகுது."

மறுமுனையில் நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது.

"மேஜையை யாராவது நகர்த்தினீங்களா?" குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"எங்க வீட்டுக்காரர்தான். வழியை அடைக்குதுன்னு காலையில கோபத்துல ஒரு தள்ளு தள்ளினாரு."

அவர் இருமினார். "அப்போ... உள்ளே லேசரைத் திருப்பிவிடற கண்ணாடி அசைஞ்சிருக்கும். லென்ஸுக்கு முன்னால பேப்பர் டேப் ஒட்டுங்க. மூடியை மூடிட்டு, ரெண்டு மூலையிலயும் டேப் மேல லேசரால ஒவ்வொரு பொட்டு சுட்டுப் பாருங்க."

சுட்டாள். இடது மூலையில் பொட்டு நடுவே விழுந்தது. வலது மூலையில் ஓரத்துக்கே ஓடிப் போயிருந்தது. அவர் சொல்லச் சொல்ல, கண்ணாடியின் திருகாணியைக் கால் சுற்று திருகினாள். மறுபடி சுட்டாள். இரண்டும் நடுவில்.

வலது மூலையில் புதுப் பலகை வைத்து ஓட்டினாள். மீன் தானாகக் கழன்று தட்டில் விழுந்தது. வாலில் துளிக் கரி இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விழுந்துடுச்சு சார். மூணு மணிக்குள்ள நாற்பதும் விழும்."

"டியூப்னு சொன்னது என் தப்புதான் மேடம்."

"சரியா கேக்கலை." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"என் தப்புதான் மேடம். நீங்க சொன்னதுதான் சரி." அவர் குரலிலும் இப்போது சிரிப்பு இருந்தது. "வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணும். இந்தப் பேச்செல்லாம் ரெக்கார்ட் ஆகும்னு தெரியும், ஆனா ஆகட்டும். நாலு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தது போதும். சாயந்திரம் வரும்போது நீச்சல் கிளாஸ்லேர்ந்து நம்ம பொண்ணைக் கூட்டிட்டு வந்துடுங்க."