சுவரில் ஒரு பெரியவர்

அந்தப் படத்தில் விலைச்சீட்டைக் கட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்கு வசவு வாங்கியது என் வீட்டுக்காரர்.

மலாக்காவில் எங்கள் தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள்தான். எங்களுடையது சின்னது. பீங்கான் ஜாடி, மரப்பெட்டி, நின்றுபோன கடிகாரம் என்று எது வந்தாலும் ஆறு மாதத்தில் போய்விடும். போகாமல் நாலு வருஷமாகச் சுவரில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். கறுப்பு அங்கி, வட்டத் தொப்பி, முழங்கால் மேல் இரண்டு கை. யார் வீட்டு மூதாதையின் ஓவியமோ.

போகாமல் என்ன, கேட்டு வராத ஆளில்லை. என் வீட்டுக்காரர்தான் கொடுக்க மாட்டார். அதோடு விட்டாரா? அமாவாசை, பௌர்ணமி தவறாமல் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி, ஒரு ஆரஞ்சு, ஒரு கிண்ணம் தேநீர்.

"உங்க அப்பாவுக்குக்கூட இவ்வளவு பண்ணல நீங்க" என்று இடித்துக் காட்டுவேன்.

"அவருக்கு நான் இருக்கேன். இவருக்கு யாரு வைப்பா?" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அன்றைக்குப் பௌர்ணமி. மனுஷன் கோயிலுக்குப் போயிருந்தார். தெருமுனைக் காபிக்கடைக்காரன் தன் கடைச் சுவருக்கு அந்தப் படம் வேண்டுமென்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆயிரத்து இருநூறு ரிங்கிட் என்று சீட்டு எழுதிச் சட்டத்தில் கட்டினேன்.

அவன் வருவதற்குள் கோ தியாம் செங் வந்துவிட்டார்.

அவரை இங்கே எல்லோருக்கும் தெரியும். கோலாலம்பூரில் பெரிய ஆள், மரபு காக்கும் சங்கத்துக்குத் தலைவர். மாதம் ஒரு முறை கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து எங்கள் தெருக்களைச் சுற்றிக் காட்டுவார். எங்கள் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே இருபது பிள்ளைகள், கையில் போனோடு.

படத்தைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"முதலாளி யாரு?"

சரியாக அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பையோடு உள்ளே நுழைந்தார். "நான்தாங்க."

பிடித்துக்கொண்டார் மனிதர். ஒருத்தர் வீட்டுப் பெரியவரைச் சுவரில் தொங்கவிட்டு விலை போடுவதா, சீனர் நமக்கு இதெல்லாம் அடுக்குமா என்று கேட்டார். விற்றவனுக்குத்தான் வெட்கமில்லை, வாங்கி வைத்தவனுக்குமா இல்லை என்றார். நானும் இந்த ஊரில் பிறந்தவன், வயிறு எரிகிறது என்றார். பிள்ளைகள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்புதாங்க" என்றார். என் பேரைச் சொல்லவில்லை.

கோ தியாம் செங் கொஞ்சம் இறங்கிவந்தார். "சரி, இந்த விலைக்கே நான் எடுத்துக்கறேன். எங்க சங்கத்துக் கூடத்துல மாட்டுறேன். அங்கயாவது மரியாதையா இருக்கட்டும்."

"விக்கிறதுக்கு இல்லைங்க."

"சீட்டு தொங்குதே?"

"தெரியாம கட்டிட்டேன்."

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தீங்களா? ஆள் மாட்டினதும் விலை ஏறுது." மனசு மாறினால் கூப்பிடச் சொல்லித் தன் பேர் அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகளும் போனார்கள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சீட்டு கட்டினது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மரியாதையாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு பெரிய மனுஷன் கேட்கும்போது கொடுக்க வேண்டியதுதானே? எதற்கு இந்த வீம்பு என்று பிடிபிடியென்று பிடித்தேன்.

அவர் படத்தைக் கழற்றி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். நாலு வருஷத்தில் நான் அதன் முதுகைப் பார்த்ததே இல்லை. பழுத்துப்போன காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. படம் எழுதச் சொன்ன வருஷம், மகன்கள் பேர், பேரன்கள் பேர்.

"கடைசிப் பேரைப் படி."

படித்தேன். பக்கத்தில் கிடந்த அட்டையைப் பார்த்தேன். அதே பேர்.

"படம் எழுதினப்ப அவருக்கு ரெண்டு மாசம்" என்றார். "பக்கத்துத் தெருவுல விடுதி ஆச்சே பெரிய வீடு, அது இவங்களோடது. அதை வித்தப்ப இவருதான் 'மாடியில இருக்கறதையும் சேர்த்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ, ஒவ்வொண்ணுக்கும் எனக்குப் போன் பண்ணாதே'ன்னாராம். அங்கேருந்து இதை அள்ளிட்டு வந்து நம்மகிட்ட வித்த வண்டிக்காரன் சொன்னான்."

"அதை அவர் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன?"

"இருபது பிள்ளைங்க முன்னாடியா? அவருக்கு எப்படியோ, இந்தப் பெரியவருக்கு அது தலைகுனிவு இல்லையா?"

"அப்ப வித்தாவது இருக்கலாம்ல. சொந்த ரத்தந்தானே?"

"பேரனா வந்து கேட்டா சும்மாவே குடுத்துடுவேன். வாங்க வந்தவருக்கு எப்படிக் குடுக்க?"

நான் கத்தரிக்கோலை எடுத்துவந்து சீட்டை வெட்டினேன். காபிக்கடைக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாமென்றேன். அவர் படத்தைப் பழையபடி மாட்டிவிட்டு, ஆரஞ்சை வைத்து, தேநீரை ஊற்றி, பத்தியைக் கொளுத்தினார்.

"பேரனைப் பாத்துட்டீங்கல்ல, பெரியவரே?" என்றார் மெதுவாக. "நல்லாப் பேசுறாரு."